முதல் பணத்தைத் தொடவே இல்லை: ஒரு தனியார் ஓய்வூதியரின் பதினோரு ஆண்டுக் கணக்கு

இந்த நிகழ்வு பற்றி

கோவை சிங்காநல்லூர் பக்கம் குடியிருக்கும் ஒரு தம்பதியின் 2014 முதல் 2025 வரையிலான வரவு செலவு இது. அவர்கள் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயர், தெரு, அவர் வேலை பார்த்த கம்பெனி எதுவும் இதில் வராது. தொகைகள் எல்லாம் பாஸ்புக், மருந்துக்கடை பில், அந்த அம்மா எழுதி வைத்திருந்த நோட்டு ஆகியவற்றிலிருந்து எடுத்தவை. வீட்டுச் செலவை மட்டும் கிட்டத்தட்ட முழு எண்ணாக்கி எழுதியிருக்கிறேன்.

நான் வங்கி வேலையிலிருந்து 2018-ல் ஓய்வு பெற்றவன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பெரியவர்களுக்கு உயிர்வாழ் சான்று பதிவு செய்வது, வட்டியில் வரி பிடிக்காமலிருக்கப் படிவம் நிரப்பித் தருவது போன்ற வேலைகளைப் பார்க்கிறேன். அப்படித்தான் 2022 டிசம்பரில் இவர் என்னிடம் வந்தார். கையில் ஒரு செய்தித்தாள் துண்டு. தனியார் தொழிலாளர்களுக்கு முழுச் சம்பளத்தையும் வைத்துக் கணக்கிடும் கூடுதல் ஓய்வூதியம் பற்றி அந்த நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. "இது எனக்கும் கிடைக்குமுங்களா சார்?" என்று கேட்டார்.

கிடைக்காது. 2014 செப்டம்பர் 1-க்கு முன்பே, அதற்கு விருப்பம் எழுதிக் கொடுக்காமல் ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. இவர் ஓய்வு பெற்றது 2014 ஜூன். அதைச் சொன்னதும் அவர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. துண்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். அந்த உட்கார்ந்திருந்த விதம்தான் என்னை வீட்டுக் கணக்கு வரைக்கும் கொண்டுபோனது.

பின்னணி

முதலில் ஒரு நூற்பாலையில் வேலை. 90-களில் அது மூடப்பட்டபோது பிஎஃப் பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டார். அதோடு அந்தப் பழைய சர்வீஸும் போயிற்று. 1995 டிசம்பரில் ஒரு பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் சேர்ந்தார். 58 வயது முடிந்து 2014 ஜூனில் வெளியே வந்தபோது சர்வீஸ் பதினெட்டரை வருடம்; கணக்குக்கு அது 19.

அவருக்கு வந்தது இபிஎஸ்-95 என்று நாம் சொல்லும் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் பென்ஷன். அதன் சூத்திரம் எளிது: ஓய்வூதியச் சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அவருடைய கடைசிச் சம்பளம் 19,000. ஆனால் 2001 முதல் 2014 ஆகஸ்ட் வரை இந்தத் திட்டத்தில் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய்தான். ஆக 6,500-ஐ 19-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 1,764. அதுதான் அவர் பென்ஷன். 2014-ல் 1,764, இன்றைக்கும் 1,764.

இது ஏன் அசையவில்லை என்று பலருக்குத் தெரிவதில்லை. இந்த நிதிக்குள் போவது உச்சவரம்புச் சம்பளத்தில் முதலாளி கட்டும் 8.33 சதவீதமும் அரசு சேர்க்கும் 1.16 சதவீதமும் மட்டும்தான். 6,500-க்கு முதலாளி பங்கு மாதம் 541 ரூபாய். விலைவாசி ஏறினால் பென்ஷனும் ஏற வேண்டும் என்ற ஏற்பாடு இதில் இல்லை. குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். அதுவும் அதே இடத்தில் நிற்கிறது.

இவருடைய சம்பந்தி அரசுப் பள்ளி ஆசிரியர். அவரும் 2014-ல்தான் ஓய்வு பெற்றார். அடிப்படை ஓய்வூதியம் 12,000. அன்றைக்கு 107 சதவீத அகவிலைப்படி சேர்த்து 24,840 வாங்கினார். ஊதியக் குழுவின் 2.57 மடங்கு, அதன் மேல் ஏறிவந்த அகவிலைப்படி எல்லாம் சேர்ந்து 2025 ஜூலைக் கணக்குக்கு 48,727 வருகிறது. யாரிடமும் போய் நிற்காமலே இரண்டு மடங்கு. அவர் வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஓய்வூதியம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நாம் பென்ஷன் என்று ஒரே பெயர் வைத்திருப்பதுதான் பிரச்சினை.

2014: கணக்குப் போட்ட நாள்

பிஎஃப் 7.40 லட்சம், பணிக்கொடை 2.08 லட்சம், காப்பீட்டு முதிர்வும் பூர்வீக நிலத்தில் வந்த பங்குமாகப் பத்து லட்சத்துக்கு மேல். ஓடு மாற்றிக் கூரை போட்டது போக 18 லட்சம் கையில் நின்றது. சொந்த வீடு. மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மகன் ஓசூரில் வேலை.

9 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். அப்போது வட்டி 9.2 சதவீதம்; மாதக் கணக்கில் 6,900. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 4.5 லட்சம், 8.4 சதவீதத்துக்கு 3,150. மீதி 4.5 லட்சம் வங்கி டெபாசிட்டில் 9 சதவீதம், மாதம் 3,350 அளவில். பென்ஷனையும் சேர்த்தால் 15,164 ரூபாய். வீட்டுச் செலவு 11,500.

மாதம் 3,600 மிச்சம். அவர் நிம்மதியானார். அந்த டெபாசிட் போடும்போது கவுண்டரில் இருந்தவர், "முதலைத் தொடாதீங்க, வட்டியிலேயே காலத்துக்கும் ஓட்டிக்கலாம்" என்றாராம். அது நான் வேலை பார்த்த கிளை இல்லை. ஆனால் அதே வார்த்தையை நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு. அதனால் இந்த இடத்தை எழுதும்போது மனசு கனக்கிறது.

அந்த 15,164-ல் மறைந்திருந்தது என்ன என்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் அகவிலைப்படியை வைத்தே கணக்கிட்டால், 2014 ஜூலையில் 100 ரூபாய்க்கு வாங்கியதை 2025 ஜூலையில் வாங்க 172 ரூபாய் வேண்டும். வருடத்துக்குச் சராசரியாக 5 சதவீதம். அப்படியென்றால் 18 லட்சத்தின் மதிப்பு அப்படியே நிற்க, வருடம் 90,000, மாதம் 7,500 ரூபாயைத் திரும்ப முதலோடு சேர்த்திருக்க வேண்டும். மூன்று இடத்திலிருந்தும் வந்த வட்டி மொத்தம் 13,400. அதில் உண்மையில் செலவழிக்கத் தகுந்தது 5,900 மட்டுமே. மீதியெல்லாம் வட்டி என்ற பெயரில் கைக்கு வந்த முதல்.

வாழ்நாள் முழுக்க முதல் அப்படியே இருந்தாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வயதான காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துச் சாப்பிடத்தான் அந்தப் பணம். ஆனால் கரைகிறது என்று தெரிந்து கரைக்க வேண்டும். இவர்களுக்கு அது மிச்சம் என்று தெரிந்தது. 3,600-ல் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் போக, மீதி மாதம் 2,000-க்கு மேல் சீர் செய்வதிலும் பேரன் பள்ளிக்கூடச் செலவிலும் கோயில் குளம் போய் வருவதிலும் போயிற்று. ஒரு ரூபாய்கூட வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த 3,600, 2020-ல் தேவைப்படப் போகும் பணம் என்பதை மட்டும் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

2017 முதல் 2020: வட்டி இறங்கியது

இரண்டு பக்கமும் ஒன்றாக நெருக்கின. விலை ஏறியது, அதே நேரத்தில் வட்டி இறங்கியது.

2017-ல் வங்கி டெபாசிட்டைப் புதுப்பித்தபோது 7 சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தது. 2019 ஜூலையில் அஞ்சலக முதலீடுகள் இரண்டும் முதிர்ந்தன. மூத்த குடிமக்கள் திட்டம் 8.6 சதவீதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. 6,900 வந்த இடத்தில் 6,450. மாத வருமானத் திட்டம் 7.6 சதவீதம், 3,150 போய் 2,850. 2020 ஜூலையில், கொரோனா நேரம், வங்கி டெபாசிட்டுக்கு 5.8 சதவீதம்தான் தந்தார்கள். 3,350 வந்த இடத்தில் 2,175.

மொத்தம் 13,239. ஆறு வருடத்தில் வருமானம் கிட்டத்தட்ட 1,900 ரூபாய் குறைந்திருந்தது. செலவு 16,000-ஐத் தொட்டிருந்தது.

இங்கே ஒரு வாய்ப்பும் கைநழுவியது. 2014-ல் அவருக்கு 58 வயது என்பதால், ஓய்வுப் பலன்களாக வந்த தொகைக்கு மேல் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட வழியில்லை. 60 முடிந்த பிறகு அந்தத் தடை கிடையாது; அப்போதைய உச்சவரம்பு 15 லட்சம். 2019-ல் மாத வருமானத் திட்டத்துப் பணத்தையும் அதிலேயே போட்டிருந்தால் 7.6-க்குப் பதில் 8.6 கிடைத்திருக்கும். மாதம் 375 ரூபாய். அந்த வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

2021, 2022: காப்பீடும் கீழே விழுந்ததும்

பற்றாக்குறையை எப்படிச் சமாளித்தார்கள் என்பது நோட்டில் இருக்கிறது. மகனிடம் கேட்கவில்லை. நான்கு பவுன் நகையை அடகு வைத்து 80,000 வாங்கினார்கள். வட்டி மாதம் 600.

மருத்துவக் காப்பீடு 2014-ல் எடுத்தது, இருவருக்கும் சேர்த்து 3 லட்சத்துக்கு. முதல் வருட பிரீமியம் 16,000 அளவில். 2021-ல் 34,000 கேட்டார்கள். வயது ஏற ஏற பிரீமியம் ஏறுவது வேறு; பொது விலைவாசியைவிட மருத்துவச் செலவு வேகமாக ஏறுவது வேறு. இரண்டும் ஒரே ரசீதில் வந்து நின்றன. அந்த ஆகஸ்டில் புதுப்பிக்கவில்லை. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு விட்டுட்டமுங்க" என்றார்.

2022 மார்ச்சில் அந்த அம்மா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை. 2.1 லட்சம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு வருடத்துக்கு 1.20 லட்சம், இவர்களுக்கு வந்தது 1.58 லட்சம். ஏழை என்ற வரம்புக்குக் கொஞ்சம் மேலே, பிரீமியம் கட்டும் சக்திக்குக் கீழே. இந்த இடைவெளியில் எத்தனை குடும்பங்கள் நிற்கின்றன என்பதை எங்கள் ஒரு தெருவிலேயே பார்க்கிறேன். டெபாசிட்டை உடைத்துத்தான் கட்டினார்கள். 4.5 லட்சம் 2.4 லட்சமானது.

2022 டிசம்பர்: கண்ணால் பார்த்தது

தீர்ப்பு பற்றிக் கேட்டுவிட்டுப் போன அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து காபி கொடுத்தார். அப்புறம் நோட்டை எடுத்துக் கொடுத்தார். பழைய டைரி ஒன்று. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம்.

2022 நவம்பர் பக்கத்தில் பால் வரியை அடித்து எழுதியிருந்தார். அந்த மாதம் 5-ஆம் தேதி ஆவின் ஆரஞ்சு பாக்கெட் அரை லிட்டர் 24-லிருந்து 30 ரூபாய் ஆனது. அன்றைக்கே நீல பாக்கெட்டுக்கு மாறியிருக்கிறார். நோட்டில் காரணம் எதுவும் இல்லை. "ஆ" என்று எழுதி அடித்து "நீ" என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

செலவு மொத்தம் 17,760 ரூபாய். மளிகை 6,200, காய்கறி 2,000, பால் 1,350, மருந்து 3,400. சிலிண்டர் அப்போது 1,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஒன்றை 45 நாள் ஓட்டினார்கள். வருமானம் 12,224. மாதம் 5,500 துண்டு விழுந்தது.

இதில் என்னைத் தடுத்து நிறுத்திய விஷயம் ஒன்று. 2014-ல் 11,500 ஆக இருந்த செலவு 2022-ல் 17,760 என்றால் ஒன்றரை மடங்கு. அதே எட்டு வருடத்தில் அகவிலைப்படிக் கணக்கிலும் விலைவாசி சரியாக ஒன்றரை மடங்குதான் ஏறியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் குடும்பம் பழையபடியே வாழ்கிறது என்று தோன்றும். ஆனால் 2014-ல் மருந்துச் செலவு 600, இப்போது 3,400. அந்த 2,800 ரூபாய் வேறு எங்கிருந்தோ பிடுங்கப்பட்டிருக்க வேண்டும். பால், பழம், வாரம் ஒருமுறை எடுத்த கறி, பொங்கலுக்குத் துணி, பேத்தியைப் பார்க்கப் போகும் பஸ் கட்டணம் எல்லாம் அப்படித்தான் போயிருந்தன.

மருந்திலும் முழுசாக இல்லை. மாத்திரைப் பெட்டியைப் பார்த்தேன். மருந்துச் சீட்டின் தேதியையும் அட்டையில் மிச்சம் இருந்ததையும் ஒப்பிட்டால் கணக்கு ஒத்துவரவில்லை. கேட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். 30 நாளைக்கு எழுதிய சர்க்கரை மாத்திரையை 40 நாளுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். மனைவிக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"ஆனா சார், முதலைத் தொடவே இல்லீங்க, ஆஸ்பத்திரிக்கு எடுத்தது தவிர" என்றார். அதில் ஒரு பெருமை இருந்தது. அதை உடைக்க எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். 2014-ன் 18 லட்சம் 2022-ல் வாங்கும் சக்தியில் 12 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவு தனி. தொடாமலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு, ஒன்றைச் செய்யாமல் இருப்பது. அந்தச் சமயம் ஒருவர் மாதம் 2 சதவீதம் வட்டி தருவதாகச் சொல்லி இவரைத் தேடி வந்துகொண்டிருந்தார். மாத வருமானத் திட்டத்துப் பணத்தை எடுத்து அதில் போட இவர் பாதி மனதாக இருந்தார். 4.5 லட்சத்துக்கு மாதம் 9,000 என்றால் பற்றாக்குறை ஒரே நாளில் தீர்ந்துவிடும் அல்லவா? துண்டு விழும் வீட்டில் இந்த ஆசை வருவது இயல்பு, அதைப் பேராசை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வங்கி 7 சதவீதத்துக்கே பணம் திரட்டும்போது 24 சதவீதம் தருகிறேன் என்பவரால், அடுத்து வருபவரின் பணத்தை எடுத்துத்தான் தர முடியும். இரண்டு நாள் உட்கார்ந்து பேசினோம். விட்டுவிட்டார்.

இரண்டாவது, மருந்து. இது பணத்துக்கு முன்னால் உயிர் விஷயம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இவர் பெயர் அதில் இல்லை, கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்தோம். மீதி மருந்துகளை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மலிவு விலைக் கடையான மக்கள் மருந்தகத்தில் வாங்கினார்கள். முழு அளவு மாத்திரை சாப்பிட்டும் செலவு 3,400-லிருந்து 1,500 ஆனது.

மூன்றாவது, வீடு. முன்பக்க அறையும் திண்ணையும் சேர்ந்த பகுதியைத் தனியாகப் பிரித்து வாடகைக்கு விடலாம் என்றேன். இதற்குத்தான் பெரிய எதிர்ப்பு. "வீட்டுக்குள்ள அந்நியரை எப்படிங்க விடறது?" என்றார் அந்த அம்மா. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. நான் இதை வற்புறுத்தியதற்குக் காரணம் ஒன்றுதான்: இந்தத் தம்பதியின் வருமானங்களில் விலைவாசியோடு சேர்ந்து ஏறக்கூடியது ஒன்றுகூட இல்லை. பென்ஷன் ஏறாது. வட்டி முதிர்வு வரை அசையாது, முதிர்ந்தால் இறங்கவும் செய்யும். தனியார் ஓய்வூதியருக்கு அகவிலைப்படி மாதிரி இருக்கக்கூடியது வாடகை ஒன்றுதான். ஒரு கழிப்பறை கட்டவும் சுவர் எழுப்பவும் 60,000 ஆகும் என்றார் கொத்தனார். மாதாமாதம் பணம் அனுப்பு என்று மகனிடம் கேட்க வாய் வராதவர், ஒருமுறைக்கு மட்டும் என்று கேட்டார். மகன் மறுநாளே அனுப்பிவிட்டான். இவ்வளவு நாளாக ஏன் சொல்லவில்லை என்று போனில் அழுதானாம். 2023 ஏப்ரலில் 5,500 வாடகைக்கு ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள்.

நான்காவது, நகை. அடகில் இருந்த நான்கில் இரண்டு பவுனை விற்றுக் கடனை அடைத்தோம். அன்றைக்குப் பவுன் 42,000-ஐ ஒட்டி இருந்தது. மாதம் 600 வட்டி நின்றது. இதைப் பற்றிக் கடைசியில் மறுபடி சொல்கிறேன்.

ஐந்தாவது, பெயர்கள். இபிஎஸ்-ல் அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு வருவது பாதி; அது 882 ரூபாய்தான் என்பதால் குறைந்தபட்சமான 1,000 ரூபாய் கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் டெபாசிட்டை இருவர் பெயருக்கும் மாற்றி, நியமனதாரர் பெயர்களைச் சரிபார்த்தோம். 2024 ஜூலையில் அஞ்சலகப் பணம் 13.5 லட்சம் முதிர்ந்தபோது, 12 லட்சத்தை மனைவியையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டோம், 8.2 சதவீதம், மாதக் கணக்கில் 8,200. மீதி 1.5 லட்சத்தை வேண்டுமென்றே கைக்கு வட்டி வராத இடத்தில் வைத்தோம். தேசிய சேமிப்புப் பத்திரம், 7.7 சதவீதம், 2029-ல் 2.17 லட்சம் ஆகும். அடுத்த ஐந்து வருட விலையேற்றத்துக்கான பணம் அது.

மகன் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதி ஒன்றைச் சொன்னான். அவன் சொன்னதில் தவறில்லை. நீண்ட காலத்தில் விலைவாசியை முந்தும் வாய்ப்பு அதற்கு அதிகம். ஆனால் 68 வயது, கையில் பதினாறு லட்சத்துக்கும் குறைவு, மருத்துவக் காப்பீடு இல்லை. அவசரத்துக்கு எடுக்கப் போகும் நாளில் சந்தை விழுந்திருந்தால் ஈடுகட்ட வேறு வழி இல்லை. அவரும் வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை.

பின்பு நடந்தது

2023 ஜூலையில் வங்கி டெபாசிட் 7.5 சதவீதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. வாடகையும் சேர்ந்து மாத வருமானம் 18,000-ஐத் தாண்டியது. செலவு 15,700. மாதம் 2,000 ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் போட ஆரம்பித்தார்கள். அதற்கு அந்த அம்மா நோட்டில் வைத்த பெயர் "விலை ஏத்தம்". மளிகை, பால் என்று எழுதுகிற வரிசையிலேயே அதையும் ஒரு செலவாக எழுதினார். வருமானத்தில் மிஞ்சியதைச் சேமிப்பது என்றிருந்தால் அது நடந்திருக்காது.

எல்லாம் ஒழுங்காகவே போகவில்லை. குடியிருந்தவர்கள் 2024 கடைசியில் காலி செய்தார்கள். இரண்டு மாதம் வீடு சும்மா கிடந்தது. அந்த இரண்டு மாதமும் தொடர் வைப்புப் பணத்தில்தான் ஓடியது. அடுத்து வந்தவர்கள் 6,000 தருகிறார்கள்.

2025 ஜூலையில் வருமானம் 17,464, செலவு 16,650. "விலை ஏத்தம்" 800-க்கு இறங்கியிருக்கிறது. மாத்திரை முழுசாகச் சாப்பிடுகிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மருத்துவக் காப்பீடு இன்னும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியது நல்ல செய்திதான், ஆனால் இந்த வயதில் புதிதாக எடுக்கும் பாலிசியின் பிரீமியம் இன்னும் இவர்கள் கைக்கு எட்டவில்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. அந்த 2.4 லட்சத்தைத்தான் காப்பீடு மாதிரி தனியே வைத்திருக்கிறோம். போதாது என்று எனக்குத் தெரியும்.

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று செய்தி வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு மகிழ்ச்சியோடு வந்தார். காய்கறி விலை இறங்கியதால் வந்த எண் அது என்று சொன்னேன். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை பழைய இடத்துக்குப் போய்விட்டது என்று பொருள் இல்லை, ஏறும் வேகம்தான் தணிந்திருக்கிறது. அதே காரணத்தால் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை ஒரே வருடத்தில் 6.5-லிருந்து 5.25 சதவீதத்துக்கு இறக்கியிருக்கிறது. 2026 ஜூலையில் அவர் டெபாசிட் முதிரும்போது 7.5 சதவீதத்தை எதிர்பார்க்க முடியாது.

மறுபடி முடிவெடுப்பதாக இருந்தால்

நகையை விற்றதில் எனக்கு உறுத்தல் இருக்கிறது. 2025 அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டியது. கடனை இழுத்துக்கொண்டே போயிருந்தால் வருடம் 7,200 வட்டிதான். ஆனால் அன்றைக்கு மாதம் 5,500 துண்டு விழுந்த வீட்டுக்கு அந்த 600-ம் பாரம். இருந்தாலும் ஒரு பவுனை விற்று, பாதிக் கடனை வாடகை வர ஆரம்பித்த பிறகு அடைத்திருக்கலாம். அவசரப்பட்டுவிட்டேன். அவர்கள் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வாடகை யோசனை 2014-லேயே வந்திருக்க வேண்டும். கூரை மாற்றிய அதே நேரத்தில் சுவரையும் எழுப்பியிருந்தால் செலவும் குறைவு, ஒன்பது வருட வாடகையும் கிடைத்திருக்கும்.

2014 முதல் 2019 வரை அந்த மிச்சத்தில் மாதம் 2,000-ஐ மட்டும் ஏழரை சதவீதத் தொடர் வைப்பில் போட்டிருந்தால் ஐந்து வருடத்தில் 1.45 லட்சம். 34,000 ரூபாய் பிரீமியத்தை அதை வைத்தே நான்கு வருடம் கட்டியிருக்கலாம். 2022 மார்ச்சில் டெபாசிட்டை உடைக்க வேண்டி வந்திருக்காது. இந்த ஒரு கணக்கை மட்டும் நான் அவர்களிடம் போட்டுக் காட்டவில்லை. காட்டி ஆகப்போவது எதுவுமில்லை. இப்போது 58 வயதில் என்னிடம் வருபவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்: முதல் மாத வருமானத்தை எழுதி, பக்கத்திலேயே ஐந்தாம் வருடச் செலவை எழுதச் சொல்கிறேன். 11,500 என்றால் 5 சதவீதத்துக்கு 14,700. பத்தாம் வருடம் 18,700. மருந்து வரியைத் தனியாக.

போன வாரம் போனபோது அந்த அம்மா வாக்கர் இல்லாமல் வாசல் வரை வந்தார். நோட்டில் 2026 ஜூலைக்கு ஒரு பக்கத்தை இப்போதே மடித்து வைத்திருக்கிறார். அதில் மூன்று வரி: டெபாசிட், வாடகை பேசணும், அவருக்கு 70. பால் வரியில் அடித்து எழுதியது அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பக்கத்தில் சின்னதாக ஒரு "ஆ".